செத்த காலேஜும் உயிர் காலேஜும்

எங்கள் ஆயாவிடம் எழும்பூர் மியூசியம் என்று சொன்னால் விளங்காது. 'செத்த காலேஜ்' என்றால்தான் தெரியும். மிருகக்காட்சி சாலை 'உயிர் காலேஜ்'. புளியந்தோப்பில் அவள் வயதுக்காரர்கள் எல்லோருக்கும் இந்த இரண்டு பெயர்கள்தான். காணும் பொங்கலன்று புளிசோறு கட்டிக்கொண்டு குடும்பத்தோடு நடந்தே கிளம்புவார்களாம். முதலில் மூர் மார்க்கெட்டை ஒட்டியிருந்த உயிர் காலேஜ், பிறகு எழும்பூர், பொழுது சாய பீச். "உயிரோட இருக்கறத மொதல்ல பாத்துடணும்டா. மாத்திப் பாத்தா ராத்திரி தூக்கம் வராது" என்பாள்.

நான் ஓவியக் கல்லூரியில் சேர்ந்த பிறகு இதைச் சொல்லி நண்பர்களோடு சிரித்திருக்கிறேன். படிக்காத ஜனங்கள் வைத்த வேடிக்கைப் பெயர் என்றுதான் நினைத்திருந்தேன். பழைய மியூசியக் கதைகளைத் தேடிப் படிக்க ஆரம்பித்த பிறகு சிரிப்பு நின்றுவிட்டது. அந்தப் பெயருக்குள் இந்த ஊரின் நூற்றைம்பது வருஷக் கலை வரலாறு சுருண்டு கிடக்கிறது.

1851ல் மியூசியம் தொடங்கியபோது அது எழும்பூரில் இல்லை. நுங்கம்பாக்கத்தில், கம்பெனி அதிகாரிகள் நம் மொழிகளைக் கற்றுக்கொண்ட புனித ஜார்ஜ் கோட்டைக் கல்லூரியின் மாடியில் இருந்தது. ஆமாம், எல்லிஸ் துரையின் கல்லூரிதான். திராவிட மொழிகள் தனிக் குடும்பம் என்று 1816லேயே எழுதிய எல்லிஸ். இன்றைக்கும் அந்தச் சாலைக்குக் கல்லூரிச் சாலை என்று பெயர். 'காலேஜ்' அங்கிருந்துதான் ஒட்டிக்கொண்டு வந்தது என்று நினைத்துக்கொள்ள எனக்கு ஆசை. மியூசியப் பொறுப்பில் இருந்தவர் எட்வர்ட் பல்ஃபோர் என்ற டாக்டர். கையில் இருந்தது பெரும்பாலும் கற்களும் தாதுக்களும். இடம் போதாமல் 1854ல் எழும்பூர் பாந்தியனுக்கு மாறினார்கள். அதற்கு முன்னால் பாந்தியன் வெள்ளைக்காரர்கள் கூடி ஆடுவதற்கும் விருந்து சாப்பிடுவதற்கும் நாடகம் பார்ப்பதற்கும் இருந்த இடம். மியூசியம் வந்த மறு வருஷமே, பல்ஃபோர் அதே வளாகத்தில் உயிருள்ள மிருகங்களையும் வைத்தார். கூட்டம் பிய்த்துக்கொண்டு வந்தது. 1863ல் மிருகங்களைப் பிரித்து பீப்பிள்ஸ் பார்க்குக்குக் கொண்டுபோனார்கள். அங்கிருந்து வண்டலூருக்குப் போனது 1985ல்.

ஆக, இரண்டும் ஒரே வாசலுக்குள் பிறந்தவை. பாடம் செய்த புலியையும் உறுமுகிற புலியையும் ஒரே ஆள்தான் பராமரித்தார். உயிர், செத்தது என்று பாகம் பிரித்துப் பெயர் வைத்த ஜனங்களுக்கு அது தெரிந்திருக்கிறது.

இந்தப் பெயருக்கு இன்னொரு பக்கமும் உண்டு. 1885லிருந்து சுமார் இருபத்து மூன்று வருஷம் மியூசியக் கண்காணிப்பாளராக இருந்தவர் எட்கர் தர்ஸ்டன். தென்னிந்தியச் சாதிகளையும் குடிகளையும் பற்றி ஏழு தொகுதிகள் (1909) போட்டவர். மூக்கின் அகலம், தலையின் நீளம், உயரம் என்று மனிதர்களை அளந்து தள்ளினார். மியூசியம் பார்க்க வந்தவர்களையும் விடவில்லை. வேடிக்கை பார்க்க வந்த ஆள் தானே வேடிக்கைப் பொருளாகித் திரும்பிப் போயிருக்கிறான். அந்தத் தொகுதிகளின் முன்னுரையில் ஒரு சம்பவம் வருகிறது. வயநாட்டுப் பணியர் பெண்கள் தர்ஸ்டனைக் கண்டதும் ஓடிப் போனார்கள். தங்களில் நல்ல உடல்வாகு உள்ளவர்களைப் பிடித்து, வைக்கோல் திணித்துச் சென்னை மியூசியத்தில் நிறுத்திவிடுவான் என்று பயந்தார்களாம். அது மட்டும் முடிந்தால் எவ்வளவு வசதி என்கிற தொனியில் தர்ஸ்டன் ஒரு நகைச்சுவையையும் சேர்க்கிறார்.

அதைப் படித்த அன்று எனக்கும் தூக்கம் வரவில்லை. செத்த காலேஜ் என்பது அந்தப் பெண்களுக்கு வேடிக்கைப் பெயரே இல்லை. அங்கே எது எப்படிப் போய்ச் சேர்கிறது என்பதை அவர்கள் சரியாகவே புரிந்துகொண்டிருந்தார்கள்.

இப்படிச் சொல்வதால் நான் மியூசியத்தை வெறுக்கிறேன் என்று எடுத்துக்கொள்ள வேண்டாம். என் இருபது வயதின் பாதி அங்கேதான் கழிந்தது. பெரியமேட்டில் எங்கள் கல்லூரி. மதியச் சாப்பாட்டை முடித்துவிட்டு, ஸ்கெட்ச் புத்தகத்தை இடுக்கிக்கொண்டு எழும்பூருக்கு நடப்போம். "போட்டோவைப் பார்த்து வரையாதே, திருவெண்காட்டு அர்த்தநாரியைப் போய்ப் பார்த்து வரை" என்பார் எங்கள் சார். மூன்று கைகள், ஒரு பக்கம் இடுப்பு வளைகிறது, மறுபக்கம் நிமிர்கிறது. கோடு எங்கே ஆணிலிருந்து பெண்ணுக்குத் தாவுகிறது என்று இரண்டு வாரம் வரைந்தும் எனக்குப் பிடிபடவில்லை. பக்கத்தில் ஒரு அம்மா செருப்பைக் கழற்றிவிட்டுக் கன்னத்தில் போட்டுக்கொள்வார். எனக்கு அது சிற்பம், அவருக்கு அது சாமி. இந்தச் செப்புத் திருமேனிகளில் நிறைய, மண்ணுக்குள் புதைந்து கிடந்து புதையலாகக் கிடைத்தவை. யாரோ எப்போதோ பத்திரப்படுத்தப் புதைத்துவிட்டு, திரும்பி வந்து எடுக்க முடியாமல் போனவை. திருவாலங்காட்டு நடராஜரை ரோதான் பார்த்தது போட்டோவில்தான். அதை வைத்தே ஒரு கட்டுரை எழுதினார். எங்களுக்கு நடந்து போகிற தூரத்தில் அசலே நின்றது.

எங்கள் கல்லூரியின் கதையும் ஒரு டாக்டரிடம்தான் தொடங்குகிறது. அலெக்சாண்டர் ஹன்டர் என்ற அறுவை மருத்துவர் 1850ல் பிராட்வேயில் சொந்தச் செலவில் ஆரம்பித்த பள்ளி அது. பிறகு அரசாங்கம் எடுத்துக்கொண்டது. அங்கே 'கலை' வெகுநாள் வரைக்கும் இல்லை, தொழில்தான் இருந்தது. மண்பாண்டம், மர வேலை, உலோக வேலை, செதுக்கு வேலை. ஆல்ஃபிரட் சாட்டர்டன் 1898ல் அங்கேதான் அலுமினியப் பாத்திரம் செய்வதை ஆரம்பித்தார். உங்கள் வீட்டு அலுமினியக் குண்டானின் முப்பாட்டன் ஒரு ஓவியப் பள்ளியில் பிறந்தது என்று சொன்னால் யார் நம்புவார்கள்? எங்கள் ஆயாவிடம் சொன்னேன். "அப்ப அங்கதான் உருப்படியா எதையோ கத்துக் குடுத்திருக்கான்" என்றாள்.

தேவி பிரசாத் ராய் சௌத்ரி வந்த பிறகுதான் காற்று மாறியது. முதல் இந்திய முதல்வர். வங்காளி, வேட்டைக்காரர், மல்யுத்தம் தெரிந்தவர், புல்லாங்குழல் வாசிப்பவர். சுமார் முப்பது வருஷம் பள்ளி அவர் கையில் இருந்தது. மெரினாவில் பாறையைப் புரட்டுகிற அந்த நான்கு பேர், உழைப்பாளர் சிலை, அவர் செய்தது. 1959ல் வைத்தார்கள். பின்னி மில்லில் வேலை பார்த்த எங்கள் தாத்தாவுக்கு சென்னையில் பிடித்த ஒரே சிலை அதுதான். "மத்தவங்கள்லாம் சும்மா நிக்கறாங்க, இவங்க வேலை செய்யறாங்க" என்பார். இதைவிட நல்ல கலை விமர்சனத்தை நான் இன்னும் படிக்கவில்லை.

அவருடைய மாணவர்தான் கே.சி.எஸ். பணிக்கர். 1944ல் முற்போக்கு ஓவியர் சங்கத்தைத் தொடங்கியவர், பின்னாளில் அதே பள்ளிக்கு முதல்வர். படிப்பை முடித்து வெளியே போகும் பையன்கள் என்ன ஆகிறார்கள் என்பதுதான் அவரை அரித்த கேள்வி. ஒருத்தன் விளம்பரக் கம்பெனிக்குப் போவான், ஒருத்தன் நெசவுத் துறையில் டிசைனர் ஆவான், ஓவியம் ஞாயிற்றுக்கிழமை வேலையாகும், அப்புறம் ஞாயிற்றுக்கிழமையும் போய்விடும். பணிக்கர் கண்ட வழி ரொம்பச் சாதாரணமானது: கைத்தொழில் செய்து சம்பாதி, மிச்ச நேரத்தில் படம் வரை, யாருக்கும் கட்டுப்படாதே. ஓவியர்கள் மெழுகை உருக்கி பத்திக் துணி செய்தார்கள். தோல் வேலை, உலோக வேலை செய்தார்கள். கண்காட்சி வைத்து விற்றார்கள். அப்படிச் சேர்ந்த பணத்தில் ஈஞ்சம்பாக்கத்தில் கடலோரமாகச் சில ஏக்கர் மணல்வெளியை வாங்கினார்கள். 1966ல் அது சோழமண்டலம் ஓவியர் கிராமம் ஆனது. சுமார் முப்பது பேர் சேர்ந்து செய்த காரியம். அன்றைக்கு அங்கே சவுக்கும் மணலும்தான்.

நவீன ஓவியம் வாங்க ஆளில்லாத ஊரில், பத்திக் புடவை வாங்கிய பெண்கள்தான் நவீன ஓவியத்துக்குச் சோறு போட்டிருக்கிறார்கள். கலை வேறு, கைத்தொழில் வேறு என்று வகுப்பில் நாங்கள் மணிக்கணக்கில் சண்டை போட்டிருக்கிறோம். சோழமண்டலத்தின் கணக்கு நோட்டைப் பார்த்திருந்தால் அந்தச் சண்டை ஐந்து நிமிஷத்தில் முடிந்திருக்கும். ஹன்டர் குடும்பஸ்தனுக்கு வேலை கிடைக்க ஆரம்பித்த தொழில்தான், நூறு வருஷம் கழித்து ஓவியனுக்குச் சுதந்திரம் வாங்கிக் கொடுத்தது. பணிக்கரின் 'சொற்களும் குறியீடுகளும்' வரிசையில் ஜாதகக் கட்டங்களும், படிக்க முடியாத எழுத்துகளும் மொய்க்கும். எனக்கு அவை ஒரு குடும்பக் கணக்குப் புத்தகம் மாதிரியே தெரியும்.

சோழமண்டலத்துக்குப் போகாமலே சிலர் ஜனங்களிடம் போய்ச் சேர்ந்தார்கள். ஆதிமூலத்தின் கோடுகளை நான் முதலில் பார்த்தது ஒரு காலரியில் இல்லை. பழைய பேப்பர் கடையில் கிடைத்த ஜூனியர் விகடனில், கி.ரா.வின் கரிசல் காட்டுக் கடுதாசிக்குப் பக்கத்தில். சிறுபத்திரிகை அட்டைகளில் அவர் எழுதிய எழுத்துகளைப் பார்த்துத்தான், தமிழ் எழுத்துக்கும் முதுகெலும்பு உண்டு என்று தெரிந்துகொண்டேன்.

சங்கீதத்துக்கு வருகிறேன். சென்னையின் சங்கீதம் என்றாலே டிசம்பர் சீசன் என்று ஆகிவிட்டது. 1927ல் காங்கிரஸ் மாநாட்டோடு நடந்த இசை மாநாடு, 1928ல் மியூசிக் அகாடமி, 1943ல் தமிழிசைச் சங்கம். இதையெல்லாம் ஆயிரம் பேர் எழுதிவிட்டார்கள். அதிகம் பேசப்படாத ஒன்று, மியூசியத்தில் இருக்கும் இசைக்கருவிகள். பி. சாம்பமூர்த்தி அவற்றுக்கு ஒரு பட்டியலே தொகுத்து, அதை மியூசியம் வெளியிட்டது. ஒவ்வொரு கருவியும் எதனால் ஆனது, எப்படி வாசிப்பது என்ற விவரங்களோடு அக்கறையாகச் செய்த வேலை. ஆனால் கண்ணாடிக்குப் பின்னால் தோல் கருவி ஒன்றைப் பார்க்கும்போது எனக்கு தர்ஸ்டனைக் கண்டு ஓடிய பெண்கள்தான் ஞாபகத்துக்கு வருவார்கள். ஒரு மத்தளம் பத்திரமாக இருக்கிறது. அதில் சத்தம் வராது.

எங்கள் தெருவில் சத்தம் இருந்தது. கானா. வட சென்னையில் சாவு வீட்டில் ராத்திரி முழுக்கப் பாடுவார்கள். டோலக், சட்டி, சில சமயம் தீப்பெட்டி. போனவரின் பேர், தொழில், பிள்ளைகள், அவர் சாப்பிட்டது, சண்டை போட்டது எல்லாவற்றையும் கேட்டு வைத்துக்கொண்டு அங்கேயே கட்டிப் பாடுவார்கள். சபாக்களின் கணக்கில் இது சங்கீதமே இல்லை. 2018 ஜனவரியில் கீழ்ப்பாக்கம் மைதானத்தில் 'தி காஸ்ட்லெஸ் கலெக்டிவ்' முதல்முறையாக மேடை ஏறியது. கானாப் பாடகர்கள் கோட்டு சூட்டு போட்டு நின்று பாடினார்கள். எங்கள் தெருப் பையன்கள் நாற்காலி மேல் ஏறி நின்றார்கள். 2020லிருந்து மார்கழியில் மக்களிசையும் நடக்கிறது.

அந்தக் கச்சேரிக்குச் சில மாதம் முன்னால்தான் ஆயா போனாள். கானா பாட ஒரு அண்ணன் வந்தார். கால் மடக்கி உட்கார்ந்து, "ஆயாவப் பத்தி சொல்லு தம்பி" என்றார். மில், தாத்தா, ஐந்து பிள்ளைகள், வெற்றிலை எல்லாம் சொன்னேன். காணும் பொங்கலையும் சொன்னேன்.

"செத்த காலேஜா? எங்கம்மாவும் அப்படித்தான் சொல்லும்" என்றார்.

நடுராத்திரிக்கு மேல் அதைப் பாட்டில் வைத்துவிட்டார். ஆயா முதலில் உயிர் காலேஜைப் பார்த்துவிட்டுத்தான் போகிறாள் என்று பாடியபோது, அழுதுகொண்டிருந்த பெரியம்மா சிரித்துவிட்டாள். யாரும் அதைப் பதிவு செய்யவில்லை. விடிந்ததும் அவர் டீ குடித்தார், சட்டியைத் துணியில் சுற்றிப் பைக்குள் வைத்தார், வியாசர்பாடி பஸ்ஸில் ஏறிப் போய்விட்டார்.