மறக்க மறுத்த வாசகர்கள்

அமெரிக்கக் காமிக்ஸ் வரலாற்றை எழுதுவோர் 1956ஆம் ஆண்டை ஓர் எல்லைக்கல்லாகக் கொள்வது வழக்கம். இன்று டிசி காமிக்ஸ் எனப்படும் நிறுவனம் அவ்வாண்டின் கோடையில் வெளியிட்ட 'ஷோகேஸ்' நான்காம் இதழில், வழக்கொழிந்து போயிருந்த ஃபிளாஷ் என்னும் மின்னல்வேக நாயகன் புதிய உருவில் மீண்டும் தோன்றினான். 'வெள்ளிக் காலம்' என்றழைக்கப்படும் காலகட்டம் அங்கிருந்தே தொடங்குகிறது என்பர். இந்த மறுதொடக்கத்தில் ஆசிரியர், எழுத்தாளர், ஓவியர் ஆகியோரின் பங்கு பலராலும் எழுதப்பட்டுவிட்டது. ஆனால், அது பின்னாளில் கொண்ட வடிவத்துக்கு, அதைப் பற்றித் தமக்குள் ஓயாது உரையாடிய ஒரு சிறு வாசகர் கூட்டமும் காரணம். அவர்களைப் பற்றியே இங்குப் பேச விரும்புகிறேன்.

1938இல் சூப்பர்மேனும் 1939இல் பேட்மேனும் வந்தபின், ஓரிரு ஆண்டுகளில் அத்தகைய நாயகர்கள் பல்கிப் பெருகினர். ஜே கேரிக் என்ற பெயருடைய முதல் ஃபிளாஷ் 1940இல் பிறந்தவன். அவனையும் கிரீன் லேன்டர்ன் முதலியோரையும் ஒரே மேசையைச் சுற்றி அமர்த்திய 'ஜஸ்டிஸ் சொசைட்டி' என்ற குழு, 'ஆல் ஸ்டார் காமிக்ஸ்' இதழில் வெற்றிநடை போட்டது. உலகப் போர் முடிந்ததும் இந்த மோகம் தணிந்தது. 'ஃபிளாஷ் காமிக்ஸ்' 1949இல் நின்றது. 'ஆல் ஸ்டார்' 1951இல் கௌபாய்க் கதை இதழாக மாறியது. சூப்பர்மேன், பேட்மேன், வொண்டர் உமன் போன்ற சிலரே இடைவெளியின்றி எஞ்சினர். 1954இல் மனநல மருத்துவர் ஃபிரெடரிக் வெர்தாம் எழுதிய நூலும், செனட் துணைக்குழுவின் விசாரணையும், அவற்றின் விளைவாகப் பதிப்பாளர்கள் தாமே விதித்துக்கொண்ட தணிக்கை விதிகளும் காமிக்ஸ் தொழிலையே ஆட்டம் காணச் செய்தன.

இச்சூழலில்தான் ஜூலியஸ் ஷ்வார்ட்ஸ் என்ற ஆசிரியரிடம் ஃபிளாஷை மீட்கும் பணி வந்து சேர்ந்தது. பெயரையும் வேகத்தையும் மட்டும் வைத்துக்கொண்டு மற்ற அனைத்தையும் அவர் களைந்தார். ராபர்ட் கனிகர் எழுத, கார்மைன் இன்ஃபன்டினோ வரைந்த முதல் கதையில், புதிய ஃபிளாஷான பேரி ஆலன் காவல்துறை ஆய்வக அறிவியலாளன். கதையின் தொடக்கத்தில் அவன் ஒரு பழைய ஃபிளாஷ் காமிக்ஸைப் படித்துக்கொண்டிருக்கிறான். அதாவது, ஜே கேரிக் வெறும் கற்பனைப் பாத்திரம் என்பது அந்த ஒரே காட்சியில் முடிவாகிவிடுகிறது. பதிப்பாளர்களின் கணக்கும் இதற்கு இசைவாகவே இருந்தது. காமிக்ஸ் வாசிப்போர் சிறுவர். சில ஆண்டுகளில் வளர்ந்து விலகிவிடுவர். அடுத்து வரும் சிறுவர்களுக்குப் பழையது எதுவும் தெரிந்திருக்க வேண்டியதில்லை. 1959இல் கிரீன் லேன்டர்னும், 1960இல் ஜஸ்டிஸ் சொசைட்டிக்கு மாற்றாக 'ஜஸ்டிஸ் லீக்' குழுவும் இதே முறையில் வந்தன.

ஆனால், வளர்ந்தும் விலகாத சிலர் இருந்தனர். டெட்ராய்ட் நகரின் வெய்ன் மாநிலப் பல்கலைக்கழகத்தில் இயற்கை அறிவியல் கற்பித்த ஜெர்ரி பெயில்ஸ் அவர்களுள் ஒருவர். பழைய நாயகர்களை மீட்கும்படி ஷ்வார்ட்ஸுக்கு இடையறாது கடிதம் எழுதியவர். 'ஆல் ஸ்டார்' கதைகளை எழுதிய கார்ட்னர் ஃபாக்ஸ் தம்மிடம் வைத்திருந்த பைண்டு செய்த தொகுதிகளை, பல ஆண்டுகள் கேட்டு, இறுதியில் விலைக்கு வாங்கியவர். மிசௌரி மாநிலக் கல்லூரி மாணவரான ராய் தாமஸ் 1960இல் அதே இதழ்களைத் தேடி ஃபாக்ஸுக்கு எழுதியபோது, அவர் பெயில்ஸின் முகவரியைக் காட்டினார். ஒரே பொருளைத் தேடிய இருவர் கடித நண்பர்களாயினர். 1961 மார்ச்சில் 'ஆல்டர்-ஈகோ' என்ற இதழை பெயில்ஸ் வெளியிட்டார். கையால் இயக்கும் நகலெடுப்புக் கருவியில் ஊதா மையில் அச்சான சில பக்கங்கள். அஞ்சலில் போய்ச் சேரும் சிறு வட்டம். சிற்றிதழ் மரபை அறிந்த நமக்கு இதன் தன்மையை விளக்க வேண்டியதில்லை.

ஷ்வார்ட்ஸ் இவர்களை ஒதுக்கவில்லை. அதற்குக் காரணம் உண்டு. 1932இல், தம் பதின்ம வயதில், 'தி டைம் டிராவலர்' என்ற அறிவியல் புனைகதை ரசிகர் இதழை நண்பர்களோடு நடத்தியவர் அவர். ஹ்யூகோ கெர்ன்ஸ்பாக்கின் 'அமேசிங் ஸ்டோரீஸ்' வாசகர் கடிதங்களை முழு முகவரியுடன் வெளியிட்டதால்தான் அந்த ரசிகர் உலகமே உருவாயிற்று என்பதை அனுபவத்தில் கண்டவர். 1961இல் தம் காமிக்ஸ் இதழ்களின் கடிதப் பகுதியிலும் அவர் அம்முறையைக் கொண்டுவந்தார். ஆசிரியருக்கு மட்டுமே எழுதிவந்தவர்கள் ஒருவருக்கொருவர் எழுதத் தொடங்கினர். அக்காலத்தில் பல கதைகள் எழுதியவர், வரைந்தவர் பெயரின்றியே வெளிவந்தன. கோட்டின் போக்கைக் கண்டே ஓவியரை அடையாளம் சொன்ன வாசகர்களுக்கு, ஷ்வார்ட்ஸ் கடிதப் பகுதியில் அப்பெயர்களை உறுதிசெய்தார்.

1961 செப்டம்பர் தேதியிட்ட 'ஃபிளாஷ்' 123ஆம் இதழில் கார்ட்னர் ஃபாக்ஸ் ஒரு வழி கண்டார். சிறுவர்களுக்குக் கயிற்று வித்தை காட்டும் பேரி ஆலன், உடல் அதிர்வின் வேகத்தால் வேறொரு பூமிக்குச் சென்றுவிடுகிறான். அங்கே ஜே கேரிக் உயிரோடிருக்கிறான். நெற்றியோரம் நரைத்திருக்கிறது, மணமாகியிருக்கிறது. தன் உலகில் இவனது கதைகளை எழுதிய ஃபாக்ஸ் என்பவர், இந்த உலகைக் கனவில் கண்டுதான் எழுதியிருக்க வேண்டும் என்று பேரி ஊகிக்கிறான். முரண்படும் இரு பாடங்களில் ஒன்றையும் தள்ளாமல் இரண்டுக்கும் இடம் அமைத்துத் தரும் நம் உரையாசிரியர்களின் உத்தியே இது. 1963இல் ஜஸ்டிஸ் சொசைட்டியும் இவ்வழியே திரும்பியது. கற்பனை என்று ஒதுக்கப்பட்ட கடந்தகாலம் கதையுலகின் வரலாறாக ஏற்கப்பட்டது.

இந்த உரையாடல் கதைக்கு வெளியிலும் ஒரு பணியைச் செய்தது. என் கணிப்பில் அதுவே பெரியது. பேட்மேனைப் படைத்தவர் என்று பாப் கேன் பெயர் ஒன்றே அச்சாகிவந்தது. 1965இல் நியூயார்க்கில் கூடிய ரசிகர் மாநாட்டுக்கு எழுத்தாளர் பில் ஃபிங்கர் வந்தார். அவரிடம் பேசிய பெயில்ஸ், பேட்மேனின் தோற்றத்திலும் கதையிலும் அவருக்கிருந்த பங்கை ஒரு ரசிகர் இதழில் எழுதினார். பாப் கேன் சினந்து மறுத்தார். ஃபிங்கர் 1974இல் மறைந்தபோது அவருக்கு உரிய அங்கீகாரம் கிட்டியிருக்கவில்லை. 2015இல்தான் டிசி நிறுவனம் பேட்மேன் படைப்பில் அவர் பெயரையும் சேர்த்தது. அந்த ஐம்பது ஆண்டுப் பயணத்தின் முதல் சான்றாவணம், சில பிரதிகளே அச்சான அந்த ரசிகர் இதழ்க் கட்டுரை.

நினைவுக்கு ஒரு சுமையும் உண்டு. பூமிகள் பெருகி, முன்கதை அறியாத புதிய வாசகன் நுழைய முடியாத நிலை வந்தது. 1985-86இல் வெளியான பன்னிரண்டு இதழ்த் தொடரொன்றில் அப்பூமிகள் அனைத்தும் ஒன்றாக்கப்பட்டன. அதை எழுதிய மார்வ் வுல்ஃப்மன் ஒரு காலத்தில் ரசிகர் இதழ் நடத்தியவர் என்பது சுவையான முரண். 2011இல் நிறுவனம் எல்லாவற்றையும் நிறுத்தி, 52 இதழ்களை முதல் எண்ணிலிருந்து தொடங்கியது. பழைய ஃபிளாஷ் கதைகளின் வாலி வெஸ்ட் அதில் காணாமல் போனான். வாசகர்கள் ஐந்தாண்டுகள் அவனைக் கேட்டுக்கொண்டேயிருந்தனர். 2016இல் 'ரீபெர்த்' இதழில் அவன் திரும்பினான். எல்லாராலும் மறக்கப்பட்டு மறைந்துகொண்டிருக்கும் அவனைப் பேரி ஆலன் நினைவுகூர்கிறான். அந்த நினைவே அவனை மீட்கிறது.

பாத்திரங்களின் உரிமை சட்டப்படி நிறுவனத்திடமே இருக்கிறது. மறுதொடக்கம் எப்போது என்பதும் அதன் முடிவுதான். ஆனால், தொடங்கும்போது எதை விட்டுவிடலாம் என்ற கேள்விக்கு அது தனியே விடை சொல்ல முடிந்த காலம், பெயில்ஸும் தாமஸும் கடிதம் எழுதிக்கொண்ட அந்த ஆண்டோடு முடிந்துவிட்டது எனலாம்.