செய்தியோடைகளும் உடைமை உறவுகளும்: கூகிள் ரீடரின் மறைவு பற்றிய ஒரு வரலாற்று நோக்கு

தொழில்நுட்பச் சாதனங்களின் தோற்றத்தையும் மறைவையும் அச்சாதனங்களின் இயல்புகளைக் கொண்டு மாத்திரம் விளக்க முற்படுவோர் பலர். பழையது பயன் குன்றியமையால் மறைந்தது, புதியது சிறந்தமையால் நிலைத்தது என்பது அவர்தம் முடிபாகும். இவ்விளக்கம் எளிமையானது. ஆயின் சாதனத்தின் உடைமையாளர் யார், அதனை நிறுத்தும் அதிகாரம் எவரிடமிருந்தது, நிறுத்தியபோது இழந்தோர் யாவர் என்னும் வினாக்களை அது எழுப்புவதில்லை. 2013ஆம் ஆண்டு கூகிள் நிறுவனம் தனது செய்தியோடை வாசிப்பானாகிய கூகிள் ரீடரை நிறுத்தியமையும், அதன் வாசகர் மாற்றொன்றைத் தேடியமையும் இவ்வினாக்களை எழுப்புதற்கு ஏற்ற வரலாற்று நிகழ்வுகளாகும்.

செய்தியோடை என்பது ஓர் இணையத்தளம் தன் புதிய ஆக்கங்களின் தலைப்பு, திகதி, முகவரி முதலியவற்றை வரையறுத்ததோர் அமைப்பில் எழுதிவைக்கும் கோப்பாகும். வாசகரின் மென்பொருள் பல தளங்களின் கோப்புகளை இடையறாது நாடிச் சென்று, புதியனவற்றை ஓரிடத்தே சேர்த்துத் தருகின்றது. தமிழில் வலைப்பதிவு எழுதியோர் இத்தகைய சாதனத்திற்குத் ‘திரட்டி’ எனப் பெயரிட்டமை பொருத்தமானதே. எதனை வாசிப்பது என்பதை வாசகரே தீர்மானிப்பர்; எதுவும் மறைக்கப்படாது; கால ஒழுங்கே வரிசையாக அமையும். இம்மூன்று பண்புகளும் பின்னர் நிகழ்ந்தவற்றை விளங்கிக்கொள்ள இன்றியமையாதவை.

இவ்வமைப்பின் பிறப்பு வணிகச் சூழலிலேயே நிகழ்ந்தது. 1999 மார்ச்சில் நெற்ஸ்கேப் நிறுவனம் தனது முகப்புத் தளத்தின் தேவைக்காக ஆர்.எஸ்.எஸ். என்னும் வடிவத்தை வெளியிட்டது. நெற்ஸ்கேப்பை வாங்கிய ஏ.ஓ.எல். நிறுவனத்துக்கு இதில் அக்கறையிருக்கவில்லை. 2001இல் அத்தளத்தில் இதற்கான ஆதரவு கைவிடப்பட்டது. எனினும் வடிவம் அழியவில்லை. 2000 டிசம்பரில் வெளிவந்த ஆர்.எஸ்.எஸ். 1.0இன் ஆக்கத்திற் பங்குகொண்டோருள் ஆரன் சுவாற்ஸ் என்னும் பதினான்கு வயதுச் சிறுவரும் ஒருவர். 2002இல் டேவ் வைனர் ஆர்.எஸ்.எஸ். 2.0ஐ வெளியிட்டார். 2005 டிசம்பரில் ‘அற்றொம்’ என்னும் பிறிதொரு வடிவம் இணையப் பொறியியலாளரின் பொது நியமமாயிற்று. இவ்வாக்குநரிடையே கடும் பூசல்கள் நிலவின. ஆயினும் முதலாளி கைவிட்ட ஒன்றைப் பொதுவுடைமையாக்கிக் காத்தோர் அவர்களே என்பது மனங்கொள்ளத்தக்கது.

செய்தியைத் திரட்டுவோனே செய்தியின் வழியையும் ஆள்வான் என்பது புதிய உண்மையன்று. 1870இல் ஹவாஸ், ரொயிட்டர், வுல்ஃப் ஆகிய மூன்று ஐரோப்பியச் செய்தி நிறுவனங்களும் உலகைத் தம்முட் பங்கிட்டு உடன்படிக்கை செய்துகொண்டன. செய்தியோடை அவ்வதிகாரத்தை வாசகர் பக்கம் சிறிது திருப்பியது. வடிவம் பொதுவாயிருந்தது, ஆனால் திரட்டும் இடம் பொதுவாயிருக்கவில்லை. முரண்பாடு இங்கேதான் கருக்கொண்டது.

2003இல் தோன்றிய புளொக்லைன்ஸ் என்னும் திரட்டியை 2005இல் ஆஸ்க் ஜீவ்ஸ் நிறுவனம் வாங்கியது. அதே ஆண்டு ஒக்டோபரில் கூகிள் ரீடர் வெளிவந்தது. விலையின்றி வழங்கப்பட்டதோடு ஒரு பெருநிறுவனத்தின் கணினி வலுவையும் கொண்டிருந்த அதனோடு சிறு உற்பத்தியாளர் போட்டியிடல் அரிதாயிற்று. 2009இல் நியூஸ்கேற்றர் நிறுவனம் தனது சொந்த ஒத்திசைவுச் சேவையைக் கைவிட்டு, தன் வாசிப்பான்களைக் கூகிள் ரீடருடன் இணைத்தது. போட்டியாளர் வாடிக்கையாளராக மாறிய நிலை இது. விலையின்மை கொடையாகத் தோன்றினும், சந்தையில் அது ஆயுதமாகவே தொழிற்பட்டது எனலாம்.

2013 மார்ச் 13ஆம் திகதி, ரீடர் நிறுத்தப்படும் என அறிவிக்கப்பட்டது. யூலை 1ஆம் திகதியோடு அது நின்றது. பாவனையாளர் தொகை குறைந்தமையும், குறைந்த எண்ணிக்கையான சேவைகளிற் கவனஞ் செலுத்தும் நோக்கமுமே கூறப்பட்ட காரணங்கள். இக்கூற்றைப் பொய்யெனத் தள்ளவேண்டிய அவசியம் நமக்கில்லை. ஆயின் எவ்வளவு பயன்பாடு போதுமானது என்பதை நிர்ணயித்தது எது? வாசகருக்குப் பயன்பெறுமதி உடைய பொருள், உடைமையாளருக்கு இலாபத்தின் வழியாயிருத்தல் வேண்டும். விளம்பரத்தை அடிப்படையாகக் கொண்ட நிறுவனத்துக்கு, வாசகர் தாமே தெரிந்து, கால ஒழுங்கில் அமைதியாக வாசிக்கும் இடம் கவர்ச்சியானதன்று. 2011 ஒக்டோபரிலேயே ரீடரின் பகிர்வு வசதிகள் அகற்றப்பட்டு, வாசகர் கூகிள் பிளஸ் பக்கம் திருப்பப்பட்டனர். தணிக்கைக்கு மத்தியில் அவ்வசதிகளைக் கருத்துப் பரிமாற்றத்துக்குப் பயன்படுத்திய ஈரானிய வாசகர் அன்றே தம் களத்தை இழந்தனர். அவர்கள் அனுப்பப்பட்ட கூகிள் பிளஸும் 2019இல் மூடப்பட்டது.

மாற்றுக்கான தேடல் இனி நோக்கத்தக்கது. அறிவிப்பு வந்து 48 மணி நேரத்துள் ஐந்து இலட்சம் பேர் தம்மிடம் வந்ததாக ஃபீட்லி நிறுவனம் தெரிவித்தது. டிக் நிறுவனம் சில மாதங்களில் ஒரு வாசிப்பானை உருவாக்கியது. அதுவும் 2018 மார்ச்சில் நிறுத்தப்பட்டது. தி ஓல்ட் ரீடர் என்னும் சிறு முயற்சி, வந்து குவிந்தோரைத் தாங்கமாட்டாது 2013 யூலை இறுதியிற் பொதுச் சேவையை மூடுவதாக அறிவித்து, பின்னர் புதிய உரிமையாளரிடம் சென்று பிழைத்தது. தனியொருவர் நடத்திய நியூஸ்புளர் சந்தாவைப் பெற்றதோடு தன் மூலநிரலையும் திறந்து வைத்திருந்தது. வேறு சிலர் டைனி டைனி ஆர்.எஸ்.எஸ்., பிரெஷ் ஆர்.எஸ்.எஸ். போன்ற கட்டற்ற மென்பொருள்களைத் தம் சொந்த வழங்கிகளில் நிறுவிக்கொண்டனர்.

இதனைக் கொண்டு, சந்தை தானே மாற்றை அளித்துவிட்டது என வாதிடுவோர் உளர். அவர்கள் ஓர் அடிப்படை உண்மையைக் காணத் தவறுகின்றனர். வாசகர் இடம்பெயர முடிந்தமைக்குக் காரணம், ஓடைகள் பொது வடிவத்தில் இருந்தமையும், சந்தாப் பட்டியலை ஓ.பி.எம்.எல். என்னும் கோப்பாக எடுத்துச்செல்லக் கூடியதாயிருந்தமையுமாகும். பொதுவுடைமையாயிருந்தது தப்பியது. கூகிளின் களஞ்சியத்திற் சேர்ந்திருந்த பழைய பதிவுகள், அவற்றுள் மூலத்தளங்களே மறைந்துவிட்டனவும், பொதுப் பாவனைக்கு இல்லாதொழிந்தன. தனியுடைமையாயிருந்தது அழிந்தது.

மறுபுறம், ஏகபோகத்தைக் கண்டிப்பதோடு பணி முடிந்ததெனக் கருதும் நம் அணியினரும் சிந்தித்தல் வேண்டும். சொந்த வழங்கியை நடத்துதற்குப் பணமும் தொழிலறிவும் ஓய்வும் தேவை. அவை எல்லோருக்கும் வாய்ப்பனவல்ல. ஆகவே தனிமனிதர் தத்தம் திரட்டியை நிறுவிக்கொள்ளல் வேண்டும் என்பது, நூலகம் மூடப்பட்ட ஊரில் ஒவ்வொருவரும் தம் வீட்டில் நூலகம் அமைக்கலாம் என்பதை ஒத்த ஆலோசனையே.

2024இல் கூகிள் தனது ஒலிபரப்புத் திரட்டியான கூகிள் பொட்காஸ்ற்றையும் மூடியது. அப்போதும் கேட்போர் அதே ஓ.பி.எம்.எல். கோப்பை எடுத்துக்கொண்டு வேறிடம் செல்ல முடிந்தது. வரலாறு கற்பித்த பாடம் இருமுறை உறுதிப்பட்டுள்ளது. எனவே நிறுத்தப்பட்ட ஒன்றுக்கு மாற்று எது என்னும் வினா, எந்த நிறுவனத்தின் சாதனம் சிறந்தது என்பதோடு நின்றுவிடலாகாது. வடிவம் பொதுவாயிருக்கையில் திரட்டும் இடமும் ஏன் பொதுவாயிருத்தல் கூடாது என்பதே கேட்கவேண்டிய வினா. பல்கலைக்கழகங்களும் பொது நூலகங்களும் பத்திரிகைகளைத் தொகுத்துக் காத்தமை போன்று ஓடைகளையும் திரட்டிக் காத்தல் இயலாததன்று. கட்டற்ற மென்பொருள்கள் ஏற்கனவே உள்ளன. இல்லாதது அதற்கான கூட்டு முயற்சியே.