ஓம் விதி: ஒரு வகுத்தல் கணக்கின் கதை

மின்னழுத்தம் 230 வோல்ட், மின்னோட்டம் 5 ஆம்பியர். மின்தடை எவ்வளவு? 230ஐ 5ஆல் வகுத்தால் 46 ஓம். திறன் எவ்வளவு? இரண்டையும் பெருக்கினால் 1150 வாட். பள்ளிக்கூடத்தில் இரண்டு மார்க் கேள்வி, அரை நிமிஷ வேலை. ஆனால் இப்படி வகுக்கலாம் என்று முதலில் அச்சில் சொன்னவர், அதன் பிறகு வேலையை விட்டுவிட்டு வருஷக்கணக்கில் அலைய வேண்டியிருந்தது.

அவர் பெயர் ஜார்ஜ் சைமன் ஓம் (நம்ம ஊர் 'ஓம்' இல்லை!). 1789ல் ஜெர்மனியில் எர்லாங்கன் என்ற ஊரில் பிறந்தவர். அப்பா பூட்டு செய்யும் தொழிலாளி. அவர் தானாகவே கணிதம் படித்து, பிள்ளைகளுக்கும் வீட்டிலேயே சொல்லிக் கொடுத்தார். மகனோ பல்கலைக்கழகத்தில் சேர்ந்ததும் நடனம், பில்லியர்ட்ஸ், பனிச்சறுக்கு என்று சுற்ற ஆரம்பித்தார். மூன்றாவது பருவத்தோடு படிப்பை நிறுத்தி, பிள்ளையை ஸ்விட்சர்லாந்துக்குக் கணக்கு வாத்தியாராக அனுப்பிவிட்டார் அப்பா. (காலேஜ் கட் அடிப்பவர்கள் இதை வீட்டில் சொல்லிவிட வேண்டாம்.) 1811ல் ஊருக்குத் திரும்பி ஓம் டாக்டர் பட்டம் வாங்கினார். 1817ல் கொலோன் நகரத்துப் பள்ளி ஒன்றில் ஆசிரியர் வேலை கிடைத்தது. அங்கே ஓரளவு நல்ல ஆய்வுக்கூடம் இருந்தது.

இங்கே ஒரு விஷயத்தை நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும். அன்றைக்கு வோல்ட்மீட்டர் கிடையாது, அம்மீட்டர் கிடையாது. வோல்ட், ஆம்பியர் என்ற அலகுகளே கிடையாது. எதை எதால் வகுப்பது? ஓமிடம் இருந்தது கம்பிகள், ஒரு மின்கலம், மின்னோட்டம் போகும்போது திரும்பும் ஒரு காந்த ஊசி. அவ்வளவுதான். கம்பியை நீளமாக்கினால் ஊசி எவ்வளவு குறைவாகத் திரும்புகிறது என்று அளந்தார்.

1825ல் ஒரு கட்டுரை எழுதினார். அதில் இருந்த சூத்திரம் மடக்கை (லாகரிதம்) சம்பந்தப்பட்டது, தப்பானது! தப்புக்குக் காரணம் கணக்கு இல்லை, மின்கலம். அந்தக் காலத்து மின்கலத்தை இணைத்த உடனேயே அதன் அழுத்தம் இறங்க ஆரம்பித்துவிடும். கம்பியால் குறைந்தது எவ்வளவு, மின்கலம் களைத்ததால் குறைந்தது எவ்வளவு என்று பிரிக்கவே முடியாது. தராசே ஆடிக்கொண்டிருந்தால் எடைக்கல்லைச் சொல்லிக் குற்றமில்லை.

போகன்டார்ஃப் என்ற ஆய்விதழ் ஆசிரியர் ஒரு யோசனை சொன்னார். சீபெக் 1821ல் கண்டுபிடித்திருந்த வெப்ப மின்னிரட்டையைப் பயன்படுத்தலாமே என்று. இரண்டு வேறு வேறு உலோகங்களை இணைத்து, ஓர் இணைப்பைச் சூடாகவும் இன்னொன்றைக் குளிர்ச்சியாகவும் வைத்தால் மின்சாரம் பிறக்கும். வெப்பநிலை மாறாத வரை மின்னழுத்தமும் மாறாது. ஓம் பிஸ்மத்தையும் தாமிரத்தையும் சேர்த்து, ஒரு முனையைக் கொதிநீரிலும் மறுமுனையைப் பனிக்கட்டியிலும் வைத்தார். கொதிநீரும் பனிக்கட்டியும் களைப்பதில்லை.

1826 ஜனவரியில் 2 அங்குலத்திலிருந்து 130 அங்குலம் வரை எட்டு தாமிரக் கம்பிகளை ஒவ்வொன்றாக இணைத்து அளந்தார். கிடைத்த விதி இதுதான்: கம்பியின் நீளத்தோடு 20¼ஐக் கூட்டி, அதனால் 7285ஐ வகு. 2 அங்குலக் கம்பிக்கு 7285ஐ 22¼ஆல் வகுத்தால் சுமார் 327, அவருடைய கருவி காட்டியது 326¾. 130 அங்குலத்துக்கு வகுத்தால் 48½, கருவி காட்டியதும் 48½. கால்குலேட்டர் இருப்பவர்கள் போட்டுப் பார்க்கலாம். அந்த 7285 என்பதுதான் இன்று நாம் மின்னழுத்தம் என்று சொல்வது. 20¼ என்பது கம்பியைத் தவிர மீதிச் சுற்றின் தடை. வெப்பநிலை வித்தியாசத்தைக் குறைத்துப் பார்த்தபோது முதல் எண் மட்டும் இறங்கியது, இரண்டாவது அப்படியே நின்றது. அழுத்தம் வேறு, தடை வேறு என்று பிரிந்து தெரிந்தது அங்கேதான்.

அரைச் சம்பளத்தில் ஒரு வருஷ விடுப்பு எடுத்துக்கொண்டு பெர்லினுக்குப் போய் 1827ல் புத்தகமாக வெளியிட்டார். பல்கலைக்கழகப் பேராசிரியர் பதவி கிடைக்கும் என்பது நம்பிக்கை. புத்தகத்தில் சோதனைகளைப் பின்னுக்குத் தள்ளி, கணிதத்தை முன்னால் வைத்தார். ஜெர்மனியில் அன்றைக்கு இயற்பியலில் இவ்வளவு கணிதம் பலருக்குப் பிடிக்கவில்லை. பெர்லினைச் சேர்ந்த போல் என்பவர் புத்தகத்தைக் கிழித்துத் தொங்கவிட்டார். 1828ல் ஓம் கொலோன் வேலையை ராஜினாமா செய்தார். பெர்லினில் ராணுவப் பள்ளியில் வாரத்துக்குச் சில மணி நேரம் கணக்குச் சொல்லிக்கொடுத்துப் பிழைப்பு நடந்தது. 1833ல்தான் நியூரம்பெர்க்கில் ஒழுங்கான வேலை. 1841ல் லண்டன் ராயல் சொசைட்டி காப்ளி பதக்கம் கொடுத்தது. ம்யூனிக் பல்கலைக்கழகத்தில் இயற்பியல் பேராசிரியர் ஆனது 1852ல். 1854ல் இறந்துவிட்டார். ஆசைப்பட்ட நாற்காலியில் இரண்டே வருஷம்!

கொடுமை என்னவென்றால், இங்கிலாந்தில் ஹென்றி கேவண்டிஷ் 1781லேயே கிட்டத்தட்ட இதைக் கண்டுபிடித்திருந்தார். அளக்கும் கருவி அவருடைய உடம்புதான். ஷாக் எவ்வளவு பலமாக அடிக்கிறது என்று பார்த்துக் குறித்துக்கொண்டார். ஆனால் வெளியிடவில்லை. அவருடைய குறிப்புகளை மாக்ஸ்வெல் அச்சிட்டது 1879ல்.

பெருக்கல் கணக்கு, அதாவது திறன், வேறு ஒருவருடையது. மதுபானம் காய்ச்சும் குடும்பத்தில் பிறந்த ஜூல், தண்ணீருக்குள் கம்பிச்சுருளை வைத்து மின்சாரம் செலுத்தி, தண்ணீர் எவ்வளவு சூடாகிறது என்று அளந்தார். மின்னோட்டத்தின் வர்க்கத்தைத் தடையால் பெருக்கினால் வெப்பம் அதற்கு நேர்விகிதம் என்று 1841ல் எழுதினார். இதில் ஓம் விதியை நுழைத்தால் வர்க்கம் போய், அழுத்தத்தை ஓட்டத்தால் பெருக்கினால் போதும் என்று வந்துவிடும். மேலே போட்ட 5 ஆம்பியர் கணக்கையே 5 x 5 x 46 என்று போட்டாலும் 1150தான்.

பெயர் வைத்த கதை தனி. 1861ல் கிளார்க், பிரைட் என்ற இரண்டு தந்திப் பொறியாளர்கள் 'ஓமா' என்ற பெயரை முன்வைத்தார்கள். ஆனால் தடைக்கு அல்ல, அழுத்தத்துக்கு! அது மாறி, 1881ல் பாரிஸ் மாநாட்டில் ஓம் என்பது தடையின் அலகாக ஏற்கப்பட்டது. மறு வருஷம் சீமன்ஸ் திறனின் அலகுக்கு வாட் என்ற பெயரைச் சொன்னார், 1819ல் இறந்துபோன நீராவி எஞ்சின் ஆசாமியின் பெயரை.