வீராணத்தின் 47.50 அடி: வணிக நுண்ணறிவு முறைமையின் தரத்தை எங்கே நின்று அளப்பது?

சென்னைக் குடிநீர் வாரியம் தன் இணையதளத்தில் நாள்தோறும் ஓர் அட்டவணை வெளியிடுகிறது. பூண்டி, சோழவரம், புழல், செம்பரம்பாக்கம் ஏரிகளோடு கடலூர் மாவட்டத்து வீராணமும் அதில் ஒரு வரி. முழு மட்டம் 47.50 அடி, முழுக் கொள்ளளவு 1,465 மில்லியன் கன அடி, பிறகு இன்றைய மட்டம், இருப்பு, நீர்வரத்து, வெளியேற்றம், சென்ற ஆண்டு இதே நாளின் இருப்பு. கோடிக்கணக்கில் செலவழித்து நிறுவனங்கள் கட்டும் டேஷ்போர்டுகள் செய்ய முயல்வதைத்தான் இந்த ஒற்றை வரியும் செய்கிறது. இந்த வரி தரமானதா என்ற எளிய கேள்விக்கு வணிக நுண்ணறிவு என்னும் நம் துறை இன்றுவரை நேராக விடை சொல்லவில்லை என்பதே இக்கட்டுரையின் வாதம்.

விடை சொல்ல முயன்றவர்கள் உண்டு. 1958இல் ஐபிஎம் ஆய்விதழில் ஹான்ஸ் பீட்டர் லூன் வணிக நுண்ணறிவு முறைமையை முன்மொழிந்தபோதே, ஒரு நோக்கத்தை நோக்கிச் செயலை வழிநடத்தும் ஆற்றலையே நுண்ணறிவு என்று கொண்டார். பின்வந்தவர்கள் செயலைவிடத் தரவில் அதிகக் கவனம் வைத்தனர். டிலோன், மெக்லீன் இருவரும் 1992இல் தகவல் முறைமையின் வெற்றியை முறைமையின் தரம், தகவலின் தரம், பயன்பாடு, பயனர் நிறைவு, தனிமனிதர் மீதான விளைவு, நிறுவனத்தின் மீதான விளைவு என ஆறாகப் பிரித்தனர். 2003இல் சேவைத் தரத்தைச் சேர்த்தனர். வாங், ஸ்ட்ராங் ஆகியோர் 1996இல் தரவைப் பயன்படுத்துவோரையே கேட்டுத் தரவுத் தரத்தின் 15 பண்புகளைத் தொகுத்தனர். துல்லியம் அவற்றுள் ஒன்று மட்டுமே என்று காட்டியது அவர்கள் செய்த பெரிய காரியம். ஆனால் அளவீடு என்று வரும்போது பெரும்பாலான ஆய்வுகள் ஐந்து புள்ளி வினாத்தாளில் போய் நின்றுவிடுகின்றன. ‘தகவல் உரிய நேரத்தில் கிடைக்கிறதா?’ என்று கேட்டு 4.2 என்று சராசரி எழுதுகிறோம். யாருக்கு உரிய நேரம்?

முதலில் அந்த 47.50ஐயே எடுத்துக்கொள்வோம். புதிதாகப் பார்ப்பவர் இதை ஆழம் என்று எண்ணுவார். செய்திகளும் சில வேளை அப்படியே எழுதுகின்றன. ஏரிக்கரையின் நீளம் ஏறத்தாழ 16 கிலோமீட்டர். அகலத்தைச் சராசரி 2 கிலோமீட்டர் என்று குறைத்தே வைத்தாலும் பரப்பு 34 கோடிச் சதுர அடிக்கு மேல் வருகிறது. 146.5 கோடிக் கன அடி நீரை அதில் பரப்பினால் நாலேகால் அடிதான் நிற்கும். ஆக, 47.50 என்பது வேறொரு அடிப்புள்ளியிலிருந்து எண்ணப்படும் மட்டம். எண் பிழையற்றது, ஆனால் அதைப் படிக்கத் தெரிந்தவருக்கே அது தகவல். இருப்பு என்ற பத்தியோ நேரடியாக அளக்கப்படுவதில்லை. மட்டத்தைப் பார்த்து, கொள்ளளவு அட்டவணையிலிருந்து எடுத்து எழுதப்படுவது. ஏரியில் வண்டல் படியப் படிய மட்டம் உண்மையைச் சொல்லும், இருப்பு மிகைப்படும். இரண்டு தசம இடம் வரை எழுதினாலும் இது மாறாது.

இனி காலதாமதம். சென்னைக்கு நாளொன்றுக்கு 180 மில்லியன் லிட்டர் எடுப்பது புதிய வீராணம் திட்டத்தின் இலக்கு. கணக்கிட்டால் வினாடிக்குச் சுமார் 74 கன அடி, நாளைக்கு 6.4 மில்லியன் கன அடி. நிறைந்த ஏரியை வைத்துக்கொண்டு பார்த்தால், அட்டவணை ஒரு நாள் பிந்தி வந்தாலும் சென்னையில் எந்த முடிவும் மாறாது. அதே ஏரிக்கு ஐப்பசி, கார்த்திகையில் செங்கால் ஓடையும் கருவாட்டு ஓடையும் அரியலூர்ப் பக்கத்து மழைநீரைக் கொண்டுவந்து கொட்டும். வினாடிக்கு 5,000 கன அடி வரத்து என்று எடுத்துக்காட்டுக்கு வைத்துக்கொண்டால் ஒரு மணி நேரத்தில் 18 மில்லியன் கன அடி சேர்கிறது. சென்னையின் ஏறத்தாழ மூன்று நாள் குடிநீர். லால்பேட்டையில் வெள்ளியங்கால் ஓடை மதகை எப்போது, எவ்வளவு திறப்பது என்று முடிவெடுப்பவருக்கும், திருநாரையூர், குமராட்சிப் பக்கத்து வயல்காரருக்கும், கடலூர் ஆட்சியர் அலுவலகத்தில் எச்சரிக்கை விடுப்பவருக்கும் காலை எடுத்த அளவு மாலைக்குள் பழங்கணக்கு. ஒரே எண், ஒரே தாமதம். ஒரு மேசையில் தரமானது, மற்றொன்றில் ஆபத்தானது.

இருப்பை முழுக் கொள்ளளவின் விழுக்காடாகக் காட்டினாலும் இதே சிக்கல்தான். கோடையில் நூறை நெருங்குவது நற்செய்தி. அடைமழைக் காலத்திலோ பாதுகாப்பு கருதி முழு மட்டத்துக்குக் கீழேயே நீரை வைத்திருப்பதுண்டு. கூடினால் பச்சை, குறைந்தால் சிவப்பு என்று நிறம் பூசும் டேஷ்போர்டு அந்த வாரங்களில் தலைகீழாகப் பேசும். காட்டுமன்னார்கோயில் வட்டாரத்தில் ஒருவரிடம் “ஏரி 46 அடி” என்று சொல்லிப் பாருங்கள், “எங்க வாய்க்கால்ல எப்ப ஏறும்?” என்றுதான் கேட்பார். ஏறத்தாழ 45,000 ஏக்கர் பாசனத்துக்கு வேண்டிய விடை அந்த வரியில் எங்குமே இல்லை. (கல்கியின் ‘பொன்னியின் செல்வன்’ நாவலில் வந்தியத்தேவன் இதே கரையில் நீர் பாயும் கணவாய்களில் கவனம் வைத்தது நினைவுக்கு வருகிறது. நீர் எவ்வளவு என்பதைவிட எந்த வழியாகப் போகிறது என்பதே அங்கே செய்தி.)

எனவே தரத்தை முறைமைக்குள் தேடாமல் முடிவெடுக்கும் இடத்தில் நின்று அளக்க வேண்டும் என்கிறேன். வழி எளிது. மதகு திறந்த ஒவ்வொரு முறையும் பதிவேட்டில் மூன்று குறிப்புகள் போதும்: எந்த எண்ணைப் பார்த்தோம், அது எப்போது எடுத்த அளவு, அந்த எண் ஓர் அடி கூடவோ குறையவோ இருந்திருந்தால் வேறு முடிவு எடுத்திருப்போமா. மூன்றாவதற்குத் திரும்பத் திரும்ப ‘இல்லை’ என்றே விடை வந்தால், எவ்வளவு துல்லியமான எண்ணானாலும் அந்த முடிவுக்கு அது அலங்காரம்தான்.

இதற்கு இரண்டு மறுப்புகள் எழும். பார்ப்பவருக்குப் பார்ப்பவர் தரம் மாறினால் இரு முறைமைகளை எப்படி ஒப்பிடுவது என்பது ஒன்று. ஒரே முடிவை எடுப்பவர்களுக்குள் ஒப்பிடலாம். அதற்கு வெளியே ஒப்பிடுவதில் எனக்கு நம்பிக்கை இல்லை. மழையின் போக்கால் நல்ல முடிவும் கெட்ட விளைவில் முடியலாமே என்பது மற்றொன்று. இது கனமான மறுப்பு. அதனால்தான் வெள்ளம் வந்ததா வரவில்லையா என்பதைக் கணக்கில் சேர்க்காமல், முடிவெடுத்த நேரத்தில் கையில் இருந்த எண்ணை மட்டும் பதியச் சொல்கிறேன்.

தீராத சிக்கல் ஒன்று எஞ்சுகிறது. பதிவேட்டில் எழுதுபவர் மதகைத் திறப்பவர். நாற்று விடுவதா, ஒரு வாரம் பொறுப்பதா என்று கடைமடையில் வரப்பின் மேல் நின்று யோசிப்பவரும் முடிவெடுப்பவரே. அவர் பார்க்கும் எண் எது என்று எந்தப் பதிவேடும் இதுவரை கேட்டதில்லை.