கோடிப்புறத்துக் கதவும் கணினியின் சாட்சியமும்

சுவீடன் நாட்டின் லுண்ட் பல்கலைக்கழகத்தில் சட்டத்துறை ஆய்வாளர் ஒருவர் பணியாற்றிவந்தார். 1999ஆம் ஆண்டில் அவருடைய அலுவலகக் கணினியில், சிறுவர்களைப் பாலியல் துன்புறுத்தலுக்கு உள்ளாக்கும் படங்கள் இருப்பதைப் பல்கலைக்கழகத்தின் கணினிப் பராமரிப்பாளர்கள் கண்டனர். படங்கள் இருந்தது அவருடைய கணினியில். அதற்கு மேல் என்ன சாட்சியம் வேண்டும்? பதவி போயிற்று. பெயர் பத்திரிகைகளில் வந்தது. மனிதர் நாட்டை விட்டே வெளியேறினார். மருத்துவ சிகிச்சையும் அவருக்குத் தேவைப்பட்டது. 2004ஆம் ஆண்டின் பிற்பகுதியிலேதான் நீதிமன்றம் அவரைக் குற்றமற்றவர் என விடுவித்தது. அவருடைய கணினியில் நெட்பஸ் என்றொரு நிரல் ஒளிந்திருந்தது என்பதும், அதன் வழியாக வெளியாள் ஒருவர் அக்கணினியை இயக்கியிருந்தார் என்பதும் ஏற்றுக்கொள்ளப்பட்டன. அதற்குள் ஐந்து ஆண்டுகள் கழிந்துவிட்டன.

அவருடைய பெயரை அச்சிட்டவர்கள் என் தொழிலைச் சேர்ந்தவர்கள். இந்த வழக்கை நான் மறக்காமலிருப்பதற்கு அதுவும் ஒரு காரணம்.

கணினிக் கிருமிகள் என்று நாம் ஒரே சொல்லால் குறிப்பவை எல்லாம் ஒரே குணம் கொண்டவை அல்ல. சில கோப்புகளைச் சிதைக்கும். சில தம்மைத்தாமே பிரதியெடுத்துப் பரவும். இவை வந்ததும் தெரியும், செய்ததும் தெரியும். பின்கதவு நிரல் அப்படிப்பட்டதன்று. யாழ்ப்பாணத்து வளவுகளில் முன்படலைக்குப் பூட்டுப் போட்டுவிட்டு உறங்குவோம். கோடிப்புறத்து வேலியில் ஒரு பொட்டு இருப்பதைக் களவு போன பின்பே காண்போம். பின்கதவு நிரலின் வேலை அந்தப் பொட்டை வைப்பதும், அதை வெளியே தெரியாமல் ஓலையால் மறைப்பதுமே. அதன் பிறகு வருகிறவன் எதை எடுப்பான், எதை வைப்பான் என்பது வருகிறவனைப் பொறுத்தது. எடுப்பான் என்ற அச்சம் எல்லோருக்கும் உண்டு. வைப்பான் என்பதைத்தான் நாம் எண்ணிப் பார்ப்பதில்லை.

இந்த எண்ணம் வீட்டுக் கணினிகளுக்கு மூத்தது. 1974இல் அமெரிக்க விமானப்படைக்காகக் கார்கர், ஷெல் என்ற இருவர் மல்டிக்ஸ் எனப்படும் பெருங்கணினி அமைப்பின் பாதுகாப்பை ஆராய்ந்து அறிக்கை ஒன்றை எழுதினர். இரகசிய வழியொன்றை அமைப்புக்குள்ளேயே எவ்வாறு புதைத்து வைக்கலாம் என்பது அதில் விரிவாகப் பேசப்பட்டது. பத்தாண்டுகளின் பின், யுனிக்ஸ் இயங்குதளத்தை உருவாக்கியவர்களில் ஒருவரான கென் தொம்சன், தமக்குக் கிடைத்த டூரிங் விருதுக்கான உரையில் அதே கருத்தை எடுத்துக்கொண்டார். 1984 ஓகஸ்ட்டில் அச்சான அவ்வுரை சில பக்கங்களே கொண்டது. அதைப் படித்தவர்கள் கணினியைப் பழைய கண்ணால் பார்த்திருக்க மாட்டார்கள்.

தொம்சன் காட்டிய வித்தை இதுதான். மனிதர் எழுதும் மூலநிரலைக் கணினியின் மொழிக்கு மாற்றும் கம்பைலர் என்ற நிரலை அவர் திருத்தினார். பயனாளரின் கடவுச்சொல்லைச் சரிபார்க்கும் நிரலை மாற்றும் போதெல்லாம், தமக்கு மட்டுமே தெரிந்த இன்னொரு கடவுச்சொல்லையும் ஏற்கும்படி அது ஒரு வரியைச் செருகிவிடும். கம்பைலரையே மீண்டும் மாற்றும்போது இந்தச் செருகும் வழக்கத்தையும் புதிய கம்பைலருக்குள் ஏற்றிவிடும். இதன் பின் மூலநிரலில் உள்ள களவான வரிகளை அழித்துவிடலாம். எழுத்தெழுத்தாக வாசித்தாலும் குற்றம் அகப்படாது. கதவு மட்டும் திறந்தேயிருக்கும். நீங்களே எழுதாத எந்த நிரலையும் முழுவதாக நம்ப முடியாது என்பதே அவருடைய முடிவு. அச்சுக் கோப்பவரும் அச்சு இயந்திரமும் சேர்ந்து ஒரு சொல்லை மாற்றினால், கையெழுத்துப் பிரதியை எத்தனை முறை திருத்திப் பார்த்தும் பயனில்லை என்று எனக்கு நானே விளக்கிக்கொண்டேன்.

தொம்சன் பேசியது அறிஞர் சபையில். வீட்டுக் கணினிக்கு இந்தக் கதவு வந்தது 1998இல். அவ்வாண்டு மார்ச் மாதத்தில் நெட்பஸ் வெளியாயிற்று. எழுதியவர் ஒரு சுவீடன் நாட்டு நிரலாளர். ஓகஸ்ட்டில், செத்த பசுவின் பெயரைத் தமக்குச் சூட்டிக்கொண்ட அமெரிக்கக் கணினிக் குறும்பர் குழுவொன்று (பெயர் வைப்பதில் இவர்களுக்கு நிகர் எவருமிலர்) லாஸ் வேகாஸ் மாநாட்டில் பேக் ஒரிஃபிஸ் என்ற நிரலை வெளியிட்டது. மைக்ரோசொப்ட்டின் பேக் ஒஃபிஸ் என்ற பொருளின் பெயரைக் கேலிசெய்து இட்ட பெயர் அது. விண்டோஸ் 95, 98 ஆகியவற்றின் பாதுகாப்பின்மையை உலகுக்குக் காட்டுவதே நோக்கம் என்றனர். 1999இல் சப்செவன் வந்தது.

மூன்றும் ஒரே முறையில் இயங்கின. நிரல் இரு துண்டுகளாக இருக்கும். ஒன்று உங்கள் கணினியில் குந்தியிருக்கும். மற்றது எசமானிடம் இருக்கும். முதல் துண்டு தானாக வராது. விளையாட்டு, வாழ்த்து அட்டை என்று ஏதோவொரு வேடத்தில் வரும். நாமே சொடுக்கி உள்ளே விடுவோம். எலியை அடிக்கும் விளையாட்டொன்றுக்குள் நெட்பஸ் அக்காலத்தில் ஒளிந்து திரிந்தது. உள்ளே வந்ததும் விண்டோஸின் பதிவேட்டில், கணினி தொடங்கும் போதெல்லாம் தன்னையும் எழுப்பும்படி ஒரு வரியை எழுதிக்கொள்ளும். பின், போர்ட் எனப்படும் வலையமைப்பு வாயில்கள் 65,000இற்கும் மேற்பட்டவற்றில் ஒன்றைத் திறந்து காத்திருக்கும். நெட்பஸுக்கு 12345, பேக் ஒரிஃபிஸுக்கு 31337, சப்செவனுக்கு 27374. எசமான் அந்த வாயிலைத் தட்டினால் திரையைப் பார்க்கலாம், தட்டச்சிடும் ஒவ்வோர் எழுத்தையும் படிக்கலாம், கோப்புகளை எடுக்கலாம், புதிதாக வைக்கலாம். இறுவட்டுத் தட்டைத் திறந்து மூடி அச்சுறுத்தும் விளையாட்டும் நெட்பஸில் இருந்தது. அதனால்தான் பலர் இதைப் பையன்களின் குறும்பாகவே கருதினர்.

இன்னொன்றும் உண்டு. நெட்பஸின் முதற் பதிப்புகளில், எசமான் இட்ட கடவுச்சொல்லைத் தெரியாமலே எவரும் உட்புகுவதற்கு ஒரு வழி இருந்தது. பின்கதவுக்கே ஒரு பின்கதவு! ஒருவன் திறந்த கதவு அவனுக்கு மட்டும் உரியதாக இருப்பதில்லை. 2004 ஜனவரி 26இல் பரவத் தொடங்கிய மைடூம் என்ற மின்னஞ்சல் புழு, தான் தொற்றிய கணினிகளில் 3127ஆம் வாயிலைத் திறந்துவைத்தது. அடுத்த மாதமே டூம்ஜூஸ் என்ற வேறொரு புழு அந்த வாயிலால் நுழைந்தது. லுண்ட் ஆய்வாளரின் கணினிக்குள் வந்தவர் யார் என்ற கேள்விக்கு விடை காண்பது ஏன் அத்தனை கடினம் என்பதை இது விளக்கும்.

இனி, நீக்குவது எப்படி? தொடக்க காலத்தில் இது எளிதாகவே இருந்தது. நெட்ஸ்டாட் என்ற கட்டளையைத் தட்டினால் எந்தெந்த வாயில்கள் திறந்துள்ளன என்று கணினி பட்டியலிடும். சந்தேகத்துக்குரிய இலக்கத்தைக் கண்டால், பதிவேட்டிலுள்ள அந்த வரியை அழித்து, கணினியை மீளத் தொடக்கி, கோப்பையும் அழித்தால் வேலை முடிந்தது. கேள்வி கேட்கிறவர் நாம், விடை சொல்கிறது கணினி. அந்தக் கணினியே பொய் சொல்லத் தொடங்கினால்?

அப்படிச் சொல்லக்கூடும் என்பதைச் சாதாரண வாசகர் அறிந்தது 2005இல். ஒக்டோபர் 31ஆந் திகதி மார்க் ருசினோவிச் என்ற நிபுணர் தம் கணினியில் கண்டதை எழுதினார். சோனி பிஎம்ஜி நிறுவனம் இசை இறுவட்டுகளில், பிரதியெடுப்பைத் தடுப்பதற்கென்று ஒரு நிரலை ஏற்றியிருந்தது. அது ரூட்கிட் வகையைச் சேர்ந்தது; குறிப்பிட்ட சில எழுத்துகளில் தொடங்கும் பெயருடைய எந்தக் கோப்பையும் விண்டோஸின் கண்ணிலிருந்து மறைத்துவிடும். பட்டியலைக் கேட்டால் கணினி அக்கோப்புகளை விட்டுவிட்டு மற்றவற்றையே சொல்லும். சில நாட்களில் வேறு திருடர்கள் தம் பின்கதவு நிரலுக்கும் அதே எழுத்துகளில் பெயரிட்டு அந்தப் போர்வைக்குள் புகுந்தனர். கையால் நீக்கியவர்களின் இறுவட்டு இயக்கி செயலிழந்தது. நிறுவனம் கொடுத்த நீக்கும் கருவியோ இன்னும் பெரிய ஓட்டையைத் திறந்துவிட்டது என்பதைப் பிரின்ஸ்டன் பல்கலைக்கழகத்து ஆய்வாளர்கள் இருவர் காட்டினர். காசு கொடுத்துப் பாட்டுக் கேட்டவனுக்குக் கிடைத்த பரிசு இது.

ஆகவே பின்கதவு திறந்த கணினிக்கு நிபுணர்கள் சொல்லும் மருந்து கடுமையானது. முதலில் வலையமைப்பிலிருந்து துண்டியுங்கள். கடவுச்சொற்கள் அனைத்தையும் வேறொரு தூய கணினியிலிருந்து மாற்றுங்கள். நோயுற்ற கணினியில் மாற்றினால் புதியதையும் அவனே படிப்பான். ஆவணங்களை மட்டும் பிரதியெடுத்து, வன்தட்டை முற்றாக அழித்து, நம்பத்தகுந்த மூலத்திலிருந்து இயங்குதளத்தைப் புதிதாக நிறுவுங்கள். நச்சுநிரல் எதிர்ப்பு மென்பொருள் 'ஒன்றுமில்லை' என்று அறிவித்தால், தனக்குத் தெரிந்த எதுவும் அகப்படவில்லை என்பதே அதன் பொருள். எங்கள் அலுவலகத்தில் கணினி பழுதானால், தொழில்நுட்ப உத்தியோகத்தரான தம்பி எப்போதும் இதையே செய்வார். பாமினி எழுத்துரு போயிற்றே, பாதி எழுதிய கட்டுரை போயிற்றே என்று நாங்கள் முணுமுணுப்போம். அவர் அசைய மாட்டார். அவர் செய்தது சரி.

சரி, ஆனால் அழிக்கும்போது கிருமியோடு அதன் தடயமும் போய்விடுகிறது. அமெரிக்காவின் ஹியூஸ்டன் துறைமுகத்துக் கணினிகளை 2001 செப்டெம்பரில் முடக்கியதாகக் குற்றஞ்சாட்டப்பட்ட 19 வயது இளைஞர் ஒருவர், 2003இல் இலண்டன் நீதிமன்றமொன்றில் நின்றார். தாக்குதல் என் கணினியிலிருந்து போயிருக்கலாம், செய்தவன் நானல்லன், ட்ரோஜன் நிரல் வழியாக வேறொருவன் என்றார். கணினியில் அந்நிரலின் சுவடே இல்லை என்றது அரச தரப்பு. தன்னைத்தானே அழித்துக்கொண்டிருக்கும் என்றார் அவர். ஜூரிகள் அவரை விடுவித்தனர். அந்தத் தீர்ப்பைக் கேலி செய்தவர்கள் பலர். உண்மைக் குற்றவாளிகளுக்கு இது நல்ல சாக்காகுமே என்ற அச்சம் நியாயமானதுதான். எனினும் லுண்ட் ஆய்வாளரை எண்ணும்போது அந்தக் கேலியில் என்னால் சேர முடியவில்லை. வழக்கு வரக்கூடும் என்ற ஐயம் எள்ளளவும் இருந்தால் அந்த வன்தட்டைத் தொடாமல் எடுத்து வைத்துவிட்டுப் புதியதொன்றைப் பூட்டுவதே மேல். சட்டத்தரணிகள் தம் கட்சிக்காரருக்கு இதை முதல் நாளே சொல்ல வேண்டும்.

வன்தட்டின் பிரதி தப்பியதால் வெளிவந்த கதை ஒன்று நமக்கு மிக அருகில் உண்டு. திருச்சி மாவட்டத்தில் பிறந்த இயேசு சபைத் துறவி ஸ்டான் சுவாமி அடிகளார், ஜார்க்கண்டில் ஆதிவாசிகளிடையே பல பத்தாண்டுகள் பணியாற்றியவர். பீமா கோரேகான் வழக்கில் 2020 ஒக்டோபர் 8ஆந் திகதி இந்தியத் தேசியப் புலனாய்வு முகமை அவரைக் கைது செய்தது. வயது 83, பார்க்கின்சன் நோயால் கை நடுங்கும். வழக்கில் குற்றஞ்சாட்டப்பட்டவர்களுக்கு எதிரான முக்கிய ஆதாரங்களுள், அவர்களுடைய கணினிகளில் கிடைத்த கடிதங்களும் இருந்தன.

அவர்களுள் ஒருவரான ரோனா வில்சனின் வன்தட்டுப் பிரதியை, பிரதிவாதிகளின் வேண்டுகோளின்படி அமெரிக்காவின் ஆர்சனல் கன்சல்டிங் நிறுவனம் ஆராய்ந்தது. 2021 பெப்ரவரியில் அதன் முடிவு வெளியாயிற்று. நெட்வயர் என்ற பின்கதவு நிரல் 2016 ஜூன் மாதத்தில் ஒரு மின்னஞ்சல் வழியாக உள்ளே வந்தது. 22 மாதங்களுக்கு மேல் இருந்தது. குற்றம் சுமத்தும் கடிதங்கள் அதன் மூலமே மறைவான ஒரு கோப்புறையில் வைக்கப்பட்டன. அவற்றை வில்சன் ஒருமுறையேனும் திறந்ததற்கு அடையாளமில்லை. முகமை இம்முடிவுகளை ஏற்றுக்கொள்ளவில்லை. நெட்வயர் வெளிப்படையாக விற்கப்பட்ட பண்டம் என்பதையும் சொல்ல வேண்டும். தூரத்திலிருந்து கணினியைப் பராமரிக்கும் கருவி என்ற பெயரில் அது ஆண்டுக்கணக்காக விற்பனையாயிற்று; 2023 மார்ச்சிலேதான் அமெரிக்க அதிகாரிகள் அதன் இணையத்தளத்தைக் கைப்பற்றினர்.

பிணை கிடைக்காமலே, மும்பை மருத்துவமனையொன்றில் 2021 ஜூலை 5ஆந் திகதி ஸ்டான் சுவாமி இறந்தார். அவருடைய கணினி பற்றிய ஆர்சனல் அறிக்கை 2022 டிசெம்பரில் வந்தது. அதன்படி 2014 ஒக்டோபர் முதல் அக்கணினி வெளியாளின் கையில் இருந்தது. நாற்பதுக்கும் மேற்பட்ட கோப்புகள் அதில் வைக்கப்பட்டன. பொலிஸார் வந்து கணினியை எடுத்துச் சென்றது 2019 ஜூன் 12இல். அதற்கு முந்திய இரவு, வந்தவனே தன் நிரலின் சுவடுகளைத் துடைத்தழிக்க முயன்றிருக்கிறான்.