குறுணைக் கசடு மணலுக்கா, சிமெண்ட்டுக்கா? ராச்சகுன்னேரியை முன்வைத்து ஒரு மறுவாசிப்பு

இரும்புத் தாதை உருக்கும்போது மிஞ்சும் ஊதுலைக் கசட்டை ஆற்று மணலுக்கு மாற்றாக்க வேண்டும் என்ற கருத்து ஆய்வுலகில் வலுத்துவருகிறது. ஸ்ரீகாளஹஸ்திக்கு அருகிலுள்ள ராச்சகுன்னேரி டக்டைல் இரும்புக் குழாய் ஆலையைப் பொறுத்தவரை இக்கருத்துக்குக் கூடுதல் கவர்ச்சி உண்டு. 2022 ஏப்ரல் வரை சித்தூர் மாவட்டத்தைச் சேர்ந்திருந்து, இன்று திருப்பதி மாவட்டத்தில் அடங்கும் இவ்வட்டாரத்தில்தான் பொன்முகலி என்று நாம் அறிந்த சுவர்ணமுகி ஓடுகிறது. ஆயினும் இக்கருத்து ஒரு தவறான வாசிப்பின் மேல் நிற்கிறது என்பதே என் வாதம்.

அந்த வாசிப்புக்கு ஆதாரம் ஐ.எஸ். 383 தரநிலையின் 2016ஆம் ஆண்டுத் திருத்தம். இரும்புக் கசடு மணலுக்குப் பதிலாகச் சாதாரணக் கான்கிரீட்டில் 50 விழுக்காடும், கம்பி கட்டிய கான்கிரீட்டில் 25 விழுக்காடும், மெலிந்த கலவையில் 100 விழுக்காடும் சேரலாம் என்கிறது அதன் அட்டவணை. முந்தைய ஆய்வுகள் இவ்வெண்களைப் பரிந்துரையாகவே எடுத்துக்கொண்டன. ஆனால் இவை உச்சவரம்புகள். கான்கிரீட் எவ்வளவு கசட்டைத் தாங்கும் என்பதற்கு மட்டுமே இவை விடை சொல்கின்றன. கசடு எதற்கு உகந்தது என்ற கேள்வி இவற்றின் எல்லைக்கு வெளியே நிற்கிறது.

அக்கேள்விக்கு விடை கசடு குளிரும் விதத்தில் இருக்கிறது. ஏறத்தாழ 1,500 பாகை செல்சியசில் வழியும் கசட்டின்மேல் நீரைப் பீய்ச்சினால், படிகமாக நேரமின்றி அது கண்ணாடித்தன்மையுள்ள குறுணையாக உறைகிறது. அரைத்துக் கிளிங்கருடன் சேர்த்தால் நீருடன் வினைபுரிந்து இறுகுகிறது. அதே கசடு குழியில் மெல்ல ஆறினால் மெலிலைட் படிகங்கள் விளைகின்றன. பிணைக்கும் ஆற்றல் பெரும்பாலும் போய்விடுகிறது. வேதிக்கூறு ஒன்றே, பயன் இரண்டு. ஐ.எஸ். 12089 சிமெண்ட்டுக்கான குறுணைக் கசட்டில் 85 விழுக்காடு கண்ணாடிப் பகுதியைக் கேட்பது இதனால்தான். கசட்டுச் சிமெண்ட்டுக்குரிய ஐ.எஸ். 455 அதை 25 முதல் 70 விழுக்காடு வரை அனுமதிக்கிறது. ஒரு டன் கிளிங்கர் தவிர்க்கப்பட்டால் சுமார் 0.8 டன் கரியமில வாயு மிச்சம். அதே குறுணையை மணலாகக் கொட்டினால் மிஞ்சுவது ஒரு டன் மணல் மட்டுமே. அம்மணலுக்குச் சித்தூர்ப் பகுதியின் கருங்கல்லை உடைத்த எம்-சாண்ட் ஈடாகும்.

கண்ணாடி அளவு தொகுதிக்குத் தொகுதி மாறக்கூடும்; ஆகவே இம்முடிவு சோதித்துத் தேறிய குறுணைக்கு மட்டுமே பொருந்தும். தொடக்க வலிமை குறைவு என்ற மறுப்பு நெடுங்காலம் நிற்காது. 28 நாளில் 33 மெகாபாஸ்கல் வேண்டும் என்று ஐ.எஸ். 455 விதித்தே இருக்கிறது. அரைக்க மின்சாரம் கூடும் என்பதும் 1,450 பாகையில் கிளிங்கர் சுடும் செலவின் முன் சிறிது.

ராச்சகுன்னேரி ஆலை கசட்டுச் சிமெண்ட்டையும் தயாரித்த ஆலை. எனவே இவ்வழி இவ்வட்டாரத்துக்குப் புதிதன்று. நீரில் குளிர்ந்த கசடு சிமெண்ட்டுக்கும், காற்றில் ஆறியது ஜல்லிக்கும் சாலைக்கும் செல்வதே முறை. பொன்முகலியின் மணலைக் காக்க வேண்டியது மணல் அள்ளுவதன் மீதான கட்டுப்பாடு. அந்தக் கடமையைக் கசட்டின் தலையில் ஏற்றக் கூடாது.