இருபது நாள் கணக்கு

1954இல் பிரெஞ்சுக்காரர் போன பிறகும் 1963 அக்டோபர் வரை புதுச்சேரியில் அவர்களுடைய 1810ஆம் ஆண்டுக் குற்றச் சட்டம்தான். அடிதடி வழக்குக்கு ‘கூ எ பிளெசூர்’ என்று பெயர். பள்ளியில் பிரெஞ்சு படித்த எனக்கு அதை வாசித்துக் காட்டும் வேலை வரும். அடிபட்டவர் 20 நாளுக்கு மேல் வேலைக்குப் போக முடியாவிட்டால் பெரிய குற்றம். இல்லையென்றால் சின்னது.

எங்கள் தெருக் கூலிக்காரர் ஒருவர் தோளில் அடிபட்டு 17 நாள் கிடந்தார். அடுப்பெரிய வேண்டுமே! 18ஆம் நாள் மூட்டை தூக்கப் போய்விட்டார். வழக்கு சின்னதாகிவிட்டது. அவர் மனைவி வைத்தியர் சீட்டோடு எங்கள் திண்ணையில் அழுதது மறக்கவில்லை.

அடித்தவரோ, “வீட்டு மதிலேறி வந்தான்” என்றார். இரவில் ஏறியிருந்தால் 329ஆம் பிரிவுப்படி தற்காப்பு, குற்றமே இல்லை. பகலென்றால் 322ஆம் பிரிவு, தண்டனை மட்டும் குறையும். நடந்தது பட்டப்பகல்.

பிறகு வந்த இந்திய தண்டனைச் சட்டத்திலும் கொடுங்காயத்துக்கு அதே 20 நாள்! (குமாஸ்தா புத்தி, எண்ணைத்தான் முதலில் தேடினேன்.) 2024 ஜூலை முதல் பாரதிய நியாய சன்ஹிதாவில் 15 நாள். அந்த மனிதர் 17 நாள் கிடந்தாரே.